காற்றைச் சுமப்பவர்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் அண்ணன் மகள் விடியுமுன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு சாங்கி கடற்கரைச் சாலைக்குப் போய்விடுவாள். திரும்பும் வழியில் ஃபேரர் பார்க்கில் என்னோடு ஒரு தே குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய கோப்பிக்கடை ஒன்றில் வெளிப்பக்க மேசை எங்களுக்கு வாடிக்கை. அவளுக்கு இஞ்சி இடித்துப் போட்ட தே ஹாலியா, எனக்குப் பால் சேர்க்காத தே ஓ.

போன வாரம் தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்த கையோடு கேட்டாள்: "சித்தப்பா, கோட்டைத் தாண்டுறது ஒரே ஆளு. கப்பும் ஒரே ஆளுக்குத்தான். அப்புறம் எதுக்கு எட்டுப் பேர் கொண்ட டீம்? கேவெண்டிஷ் மாதிரி ஒருத்தருக்கு டீம் நல்லா இல்லாட்டித்தான் என்ன?"

2024 நவம்பர் 10ஆம் தேதி நம் ஊரில் நடந்த டூர் டி பிரான்ஸ் சிங்கப்பூர் கிரிட்டீரியத்தைத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள் அவள். பிரிட்டனின் மார்க் கேவெண்டிஷின் வாழ்க்கையில் அதுதான் கடைசிப் பந்தயம். சக வீரர்கள் இரு பக்கமும் நின்று அவருக்கு மரியாதை செய்தார்கள். பந்தயத்திலும் அவரே முதலில் வந்தார். பருவம் முடிந்தபின் ரசிகர்களுக்காக நடத்தும் காட்சிப் பந்தயம் அது. அதன் முடிவை வைத்து யாருடைய பலத்தையும் அளக்க முடியாது. ஆனால் கேவெண்டிஷ் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு தனியாகக் கோட்டைத் தாண்டும் அந்தப் படம் அவள் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. அந்தப் படத்திலிருந்துதான் இந்தக் கேள்வி பிறந்தது. ஒரு தேயில் முடிகிற பதில் இல்லை என்று சொல்லி, இன்னும் இரண்டுக்குச் சொல்லி வைத்தேன்.

"சாங்கியில நீ எத்தனாவது ஆளா போவே?"

"மூணாவது, நாலாவது. ஒத்தை வரிசையில அஞ்சு பேருக்கு மேல போகக் கூடாதே." 2022 ஜனவரி 1 முதல் இங்கே அதுதான் சாலை விதி. ஒற்றை வரிசை என்றால் ஐந்து பேர், இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர்.

"எதிர்காத்துல முன்னால போயிருக்கியா?"

"ஒரே ஒரு தடவை. ரெண்டு நிமிஷத்துல தொடை எரிஞ்சுபோச்சு. ஒதுங்கிப் பின்னால வந்தேன் பாருங்க, யாரோ முதுகுல கைய வச்சுத் தள்ளிவிடற மாதிரி இருந்துச்சு."

பாடத்தில் பாதியை அவள் தொடையே படித்துவிட்டது. மீதியை நான் விளக்க வேண்டியிருந்தது. ஞாயிறு மாலை இந்த ரேஸ் கோர்ஸ் சாலையில் வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் தோளோடு தோள் உரச நிற்கும்போது நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் ஒருவர் தோளைச் சாய்த்து வழி விலக்கிக்கொண்டு போனால், அவர் முதுகை ஒட்டிப் போகிறவருக்குக் கூட்டமே இல்லாததுபோல் இருக்கும். வழி மறுபடி மூடிக்கொள்வதற்குள் அவரும் நுழைந்துவிட வேண்டும், அவ்வளவுதான். காற்றும் அப்படிப்பட்ட கூட்டம். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற ஒருவர் தன் பலத்தின் பெரும்பங்கைக் காற்றை விலக்கவே செலவிடுகிறார். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும்; அதைத் தாண்ட வேண்டிய திறனோ எட்டு மடங்கு. ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் இந்தச் சுமையில் கணிசமான பகுதி குறைந்துவிடும். பெருங்கூட்டத்தின் நடுவிலோ பின்பகுதியிலோ இருந்தால் குறைவது இன்னும் அதிகம். 2018இல் பேர்ட் பிளாக்கன் என்ற காற்றியக்க ஆய்வாளரின் குழு 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் அளந்து பார்த்தது. நடுவிலும் பின்னாலும் பத்திரமாக இருப்பவர்மேல் படும் தடை, தனியாக ஓட்டுபவருடையதில் வெறும் 5 முதல் 10 விழுக்காடுதான் என்று அவர்கள் கண்டார்கள்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "பத்துல ஒரு பங்கா?"

ஆமாம். ஐந்து மணி நேரம் அந்த மறைவில் உட்கார்ந்திருந்தவரும், ஐந்து மணி நேரம் முகத்தில் காற்று வாங்கியவரும் கடைசிக் கிலோமீட்டருக்கு ஒரே கால்களோடு வருவதில்லை. அணி என்பது முதலில் இதுதான். தலைவரின் காற்றை மற்றவர்கள் சுமக்கிறார்கள். அப்படிச் சுமப்பவருக்கு அந்தத் தொழிலில் டொமெஸ்டிக் என்று பெயர். பிரெஞ்சில் வீட்டு வேலைக்காரர் என்று பொருள். முதலில் இழிவாகச் சொன்ன சொல்லை இன்று மதிப்போடு சொல்கிறார்கள். காரிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள் அடைத்துக்கொண்டு வந்து கொடுப்பது, தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றித் தருவது, பின்தங்கியவரைக் கூட்டத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. பரிசுப் பணத்தை வென்றவர் தனியாக எடுத்துக்கொள்ளாமல் அணிக்குள் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் இதனால் வந்ததுதான்.

தைப்பூசத்தன்று இங்கே சீனிவாசப் பெருமாள் கோயில் வாசலில் நின்றால் இந்தக் காட்சியின் சாயலைப் பார்க்கலாம். காவடி எடுப்பவர் ஒருவர். அவரைச் சுற்றி அண்ணன், மச்சான், கூட்டாளிகள். ஒருவர் வழி விலக்குவார், ஒருவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார், இன்னொருவர் காலில் தண்ணீர் ஊற்றுவார். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை ஒருவர் விடாமல் கூடவே நடப்பார்கள். நேர்த்திக்கடன் ஒருவருடையது, ஆனால் அந்த வழித்துணை இல்லாமல் பலர் பாதி தூரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே ஒரு வேற்றுமை உண்டு. காவடியை வேறு யாரும் தோள் மாற்றிக்கொள்ள முடியாது. சைக்கிளில் சுமையின் ஒரு பகுதியை உண்மையாகவே இன்னொருவர் தோளுக்கு மாற்றிவிடலாம்.

கேவெண்டிஷைப் போன்ற ஸ்பிரின்டருக்கு இது உயிர்நாடி. அவருடைய பெரும்பலம் பத்துப் பதினைந்து விநாடிகளில் வெளிப்பட்டுத் தீர்ந்துவிடுவது. அதைத் தவறான இடத்தில் பத்து மீட்டர் முன்னதாகத் திறந்தாலும் போச்சு. அதனால் அணித் தோழர்கள் ரயில் பெட்டிகளைப் போல அவருக்கு முன்னால் வரிசை கட்டுவார்கள். முதல் ஆள் தன் பலம் தீரும் வரை இழுத்துவிட்டு ஒதுங்குவார், பிறகு அடுத்தவர். மற்ற அணிகள் பக்கத்தில் ஏறி வர முடியாத அளவுக்கு வேகம் கூடிக்கொண்டே போகும். கடைசி ஆள் 200 மீட்டர் அளவில் அவரை விடுவிப்பார். கேவெண்டிஷ் 2011 வரை ஓட்டிய எச்டிசி அணியில் அந்தக் கடைசி ஆள் ஆஸ்திரேலியரான மார்க் ரென்ஷா. 2009இல் பாரிஸில் கேவெண்டிஷ் முதலில் வந்தபோது, அவரை விடுவித்த ரென்ஷாவே இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினார். அந்த அளவுக்கு மற்றவர்கள் பின்னால் கிடந்தார்கள்.

டூர் டி பிரான்ஸில் கேவெண்டிஷ் வென்ற ஒருநாள் கட்டங்கள் மொத்தம் 35. யாரும் அதைத் தொட்டதில்லை. இதில் 20 வெற்றிகள், 2008 முதல் 2011 வரை, அந்த ஒரே அணியின் காலத்தில் வந்தவை. 2011 முடிவில் அணி கலைந்தது. அதற்குப் பிறகு 13 ஆண்டுகளில் 15. வயதும் காயமும் நோயும் இதில் சேர்ந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 2021ஐப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளாக டூரில் ஒரு கட்டமும் வெல்லாதவர், ஓய்வின் விளிம்பில் நின்றவர், டெக்கனிங்க்-குயிக்ஸ்டெப் அணியின் ஸ்பிரின்டர் சாம் பென்னெட் வர முடியாமல் போனதால் கடைசி நேரத்தில் அதன் டூர் குழுவில் சேர்க்கப்பட்டார். ஸ்பிரின்ட் என்பதை ஒரு கைத்தொழிலாகவே வளர்த்த அணி அது. முன்னால் இழுக்க டென்மார்க்கின் மைக்கேல் மோர்கோவ். அந்த ஆண்டு நான்கு கட்டங்களும் புள்ளிகளுக்கான பச்சைச் சட்டையும் கேவெண்டிஷுக்குக் கிடைத்தன.

"அப்போ எல்லாமே ரயில்தானா?" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

இல்லை. அதற்கும் சாட்சி இருக்கிறது. 2010 டூரின் 11ஆம் கட்டத்தில், பக்கத்தில் வந்தவரைத் தலையால் முட்டியதற்காக ரென்ஷாவைப் பந்தயத்திலிருந்தே வெளியேற்றினார்கள். கடைசிப் பெட்டி கழன்ற பிறகும் கேவெண்டிஷ் அதே டூரில் போர்தோவிலும் பாரிஸிலும் வென்றார். அந்தக் கால்கள் அவருடையவை. எந்த அணியும் அவற்றைச் செய்து கொடுத்துவிட முடியாது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கடைக்காரரிடம் பேனா வாங்கி ஒரு டிஷ்யூத் தாளில் எட்டுப் பெயர்கள் எழுதினேன். விக்கின்ஸ், ஃப்ரூம், மில்லர், தாமஸ், ஸ்டானர்ட், கம்மிங்ஸ், ஹண்ட், கேவெண்டிஷ். 2011 செப்டம்பர் 25, கோபன்ஹேகனில் நடந்த உலகச் சாம்பியன் பந்தயத்தில் பிரிட்டன் அனுப்பிய அணி. 266 கிலோமீட்டர். ராட் எல்லிங்வொர்த் என்ற பயிற்சியாளர் இந்த ஒரு நாளுக்காகச் சில ஆண்டுகள் முன்பிருந்தே திட்டம் போட்டு, ஓட்டக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசி வந்தார். எட்டுப் பேரை அனுப்பும் தகுதி கிடைக்கவே அந்தப் பருவம் முழுக்கப் புள்ளிகள் சேர்க்க வேண்டியிருந்தது. பந்தயத்தன்று அவர்கள் பெரும்பகுதி நேரம் கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்து இழுத்தார்கள். கூட்டத்தை விட்டு முன்னால் ஓடிப்போனவர்களை எல்லாம் பிடித்தார்கள். கடைசிச் சுற்றில் விக்கின்ஸ் நெடுநேரம் தனியாகக் காற்றைச் சுமந்தார். முடிவில் தடுப்பு ஓரமாக ஒரு சந்து திறக்க, கேவெண்டிஷ் பாய்ந்தார். 1965இல் டாம் சிம்ப்சன் வென்றதற்குப் பிறகு ஆண்கள் சாலைப் பந்தயத்தில் பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. இரண்டாவதாக வந்த மாத்யூ காஸ் அந்த ஆண்டு கேவெண்டிஷின் சொந்தத் தொழில்முறை அணியைச் சேர்ந்தவர். அன்று மட்டும் வேறு நாட்டுச் சட்டை.

பிறகு அந்தத் தாளில் மூன்று பெயர்களை அடித்தேன். தாமஸ், கம்மிங்ஸ், ஹண்ட். மீதி ஐந்து பேர்தான் 2012 ஜூலை 28இல் லண்டன் ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் பிரிட்டனுக்காக நின்றவர்கள். இடையில் பத்தே மாதம். ஆள் பலம் குறைந்துவிட்டதா என்றால், ஒவ்வொருவராகப் பார்த்தால் கூடியிருந்தது. ஆறு நாளுக்கு முன்புதான் விக்கின்ஸ் டூர் டி பிரான்ஸை வென்றிருந்தார். ஃப்ரூம் இரண்டாமிடம். மில்லரும் அதே டூரில் ஒரு கட்டம் வென்றிருந்தார். பாரிஸில் மஞ்சள் சட்டை போட்ட விக்கின்ஸே முன்னால் போய் இழுத்து, கேவெண்டிஷை வெற்றிக்குக் கொண்டுபோய் விட்டதை உலகமே பார்த்திருந்தது. சொந்த ஊர், சொந்த மக்கள், தங்கம் உறுதி என்று பத்திரிகைகள்.

நடந்தது வேறு. 250 கிலோமீட்டர், நடுவில் பாக்ஸ் ஹில் என்ற மேட்டை ஒன்பது முறை ஏற வேண்டும். ஓடிப்போன கூட்டம் சிறிதாகத் தொடங்கி முப்பது பேர் வரை வளர்ந்தது. பெரும்பாலான முக்கிய நாடுகளுக்கு அதில் ஒருவராவது இருந்தார். அவர்கள் ஏன் துரத்த வேண்டும்? கேவெண்டிஷோடு கோட்டுக்கு வந்து தோற்கவா? பிரிட்டனின் நால்வர்தான் இழுத்தார்கள். ஜெர்மானியர்களிடமிருந்து கொஞ்சம் உதவி வந்தது, அதுவும் போதவில்லை. கசக்ஸ்தானின் அலெக்சாண்டர் வினகுரோவ் தங்கம் வாங்கினார். கொலம்பியாவின் ரிகோபெர்த்தோ உரான் இரண்டாவது, நார்வேயின் அலெக்சாண்டர் கிறிஸ்டோஃப் மூன்றாவது. கேவெண்டிஷ் 29ஆவது.

நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரே ஓட்டக்காரர், ஏறக்குறைய அதே துணைவர்கள், முடிவு மட்டும் தலைகீழ். எட்டுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், கோபன்ஹேகனில் பெரிய ஸ்பிரின்டர்களை வைத்திருந்த மற்ற நாடுகளுக்கும் கூட்டமாகக் கோட்டுக்கு வருவதில் லாபம் இருந்தது. லண்டனில் அந்த லாபம் பிரிட்டனுக்கு மட்டும்தான் என்று ஏறக்குறைய எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அணி எவ்வளவு பலமானதாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்கு மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுவார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களின் மௌனத்தை நான்கு பேர் இழுத்துக்கொண்டு போக முடியாது.

தோக்கியோ ஒலிம்பிக்கிலும் அதே பாடம். 2021 ஜூலை 25, பெண்கள் சாலைப் பந்தயம். நெதர்லாந்து அனுப்பிய நால்வர் ஃபான் ஃப்ளூட்டன், ஃபான் டெர் பிரெகன், வோஸ், வோலரிங். அதைவிடப் பலமான நான்கு பேரை ஒரே சட்டையில் சேர்ப்பது கடினம். வென்றவர் அன்னா கீஸன்ஹோஃபர். ஆஸ்திரியாவின் ஒரே ஓட்டக்காரர், தொழில்முறை அணி எதிலும் ஒப்பந்தம் இல்லாதவர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று ஆய்வு செய்துகொண்டிருந்தவர். கொடி விழுந்த இடத்திலேயே சிலரோடு ஓடிப்போய், கடைசியில் தனியாக வந்து தங்கம் வாங்கினார். பின்னால் எல்லாரும் நெதர்லாந்துதான் துரத்த வேண்டும் என்று காத்திருந்தார்கள். இரண்டாவதாக வந்த ஃபான் ஃப்ளூட்டன், முன்னால் ஒருத்தி போய்விட்டது தெரியாமல், தானே வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். பார்க்கவே மனம் கலங்கியது.

"மலையில எப்படி?" என்றாள் அவள். மலை ஏறுகிறவர்களின் கதை வேறுதான். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவு, காற்றும் குறைவு. அங்கே எதிரி உடலின் எடை. அடுத்தவர் சக்கரத்தில் ஒட்டுவதால் கிடைப்பது கொஞ்சம்தான். அதனால்தான் 2020 டூரைத் தடேய் பொகாச்சாரால் வெல்ல முடிந்தது. அணித் தோழர்கள் ஃபாபியோ அரு, டேவிடே ஃபோர்மோலோ இருவரும் பாதியில் விலகிவிட, மெலிந்த அணியோடு அவர் மூன்று வாரம் தாக்குப்பிடித்தார். எதிரே ப்ரிமோஷ் ரோக்லிச்சைச் சுற்றி ஜம்போ-விஸ்மா அணி கோட்டை மதில்போல் நின்றது. 20ஆம் கட்டம் லா பிளான்ஷ் மலைக்கு ஏறும் தனிநபர் நேரப் பந்தயம். யாரும் யாருக்கும் மறைவு தர முடியாத நாள். 57 விநாடி பின்தங்கிப் புறப்பட்டவர், அந்த ஒரே நாளில் 59 விநாடி முன்னிலை எடுத்தார். மறுநாள் பாரிஸில் டூரை வென்றபோது அவருக்கு 22 வயது நிறைய ஒரு நாள் பாக்கி.

ஆனால் அதே பொகாச்சாரை அதே அணி 2022இல் மலையிலேயே வீழ்த்தியது. காற்றை மறைத்து வீழ்த்தவில்லை. இரண்டு ஆட்களை வைத்து வீழ்த்தியது. 11ஆம் கட்டத்தில் ரோக்லிச் ஒருமுறை பாய்வார், பொகாச்சார் துரத்திப் பிடிப்பார். மூச்சு வாங்குமுன் ரோக்லிச்சின் அணித் தோழர் யோனாஸ் விங்கேகோ பாய்வார். இருவரில் யாரையும் விட்டுவிட முடியாது, இருவருமே டூரை வெல்லக்கூடியவர்கள். பொகாச்சாருக்குப் பக்கத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. கோவிட்டும் காயமும் தின்று, அந்த டூரை அவர் அணியில் நால்வர்தான் முடித்தார்கள். அன்று கடைசி ஏற்றமான கிரனோனில் அவர் உடைந்தார். இழந்தது 2 நிமிடம் 51 விநாடி. மொத்த டூரில் விங்கேகோவின் வெற்றி வித்தியாசம் 2 நிமிடம் 43 விநாடி. மூன்று வாரத்தின் கணக்கை அந்த ஒரு பிற்பகலே எழுதிவிட்டது என்று தைரியமாகச் சொல்வேன். அந்த அக்டோபரில் நம் ஊருக்கு முதல்முறை இந்தக் கிரிட்டீரியம் வந்தபோது வென்றவரும் விங்கேகோதான்.

எனவே யாராவது அணி எத்தனை விழுக்காடு, ஆள் எத்தனை விழுக்காடு என்று கேட்டால் நான் எண் சொல்ல மாட்டேன். தனிநபர் நேரப் பந்தயத்தில் அணியின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை, மலையில் கொஞ்சம் மறைவும் சூழ்ச்சியும், சமதரையில் ஸ்பிரின்டருக்குக் கிட்டத்தட்ட எல்லாமே. கடைசி 200 மீட்டர் நீங்கலாக.

இரண்டாவது தே வந்திருந்தது. அவள் ஆற்றிக்கொண்டே, "35ஆவது எப்படி வந்துச்சு?" என்றாள்.

2024 டூரின் முதல் நாள், ஜூன் 29, இத்தாலிய வெயில். கேவெண்டிஷ் வாந்தி எடுத்துக்கொண்டு பின்தங்கினார். அன்றைய நேர வரம்புக்குள் வராவிட்டால் டூரே முடிந்துவிடும். அஸ்தானா அணித் தோழர்கள் சிலர் தங்கள் நாளை விட்டுவிட்டுப் பின்னால் நின்று, மேடு மேடாக அவரை அழைத்துவந்து சேர்த்தார்கள். அன்று அவர்களுக்குக் கோப்பை எதுவும் கிடையாது. மறைவு தந்ததோடு அவர்கள் பங்கு முடிந்தது. நான்கு நாள் கழித்து, ஜூலை 3, சான் வுல்பாவில் அவர் 35ஆவது கட்டத்தை வென்றார். அந்த அணி மோர்கோவை ஓட்டக்காரராகவும், பழைய ரென்ஷாவைப் பின்னணிக் குழுவில் ஒருவராகவும் அவருக்காகவே சேர்த்து வைத்திருந்தது. ஆனாலும் கடைசி ஓட்டத்தில் வரிசை கலைந்துவிட, அவரே ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குத் தாவித் தாவித் தன் வழியைக் கண்டார். மூன்றாவதாக வந்தவர் லண்டனில் வெண்கலம் வாங்கிய அதே கிறிஸ்டோஃப். அஸ்தானா அணியின் தலைமை மேலாளர் யார் தெரியுமா என்றேன்.

தெரியவில்லை.

"வினகுரோவ். லண்டன்ல கேவெண்டிஷோட தங்கத்தைத் தட்டிக்கிட்டுப் போனாரே, அவரேதான்."

அவள் சிரிக்கவில்லை. அடித்த பெயர்களோடு அந்த டிஷ்யூத் தாளை மடித்துச் சட்டைப் பின்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு கைப்பேசியை எடுத்து, 2024இல் தடுப்புக் கம்பி ஓரம் நின்று எடுத்த காணொளியைத் திறந்தாள். நூறு தடவை பார்த்த காணொளி. இந்தத் தடவை கைகள் உயர்கிற இடத்துக்கு ஓட்டவில்லை. விரலால் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, அதற்கு முந்தைய சுற்றுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அவருக்கு முன்னால் போகிற சட்டைகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினாள்.